டயர் ரொட்டேஷன்: ஜாக்கியை எடுப்பதற்கு முன் டயரைத் தடவிப் பாருங்கள்

போன தை மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து மச்சான் தன் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸில் வந்திருந்தான், எம் ஸ்போர்ட் வகை. வந்தவன் சும்மா இருக்காமல், "பத்தாயிரம் ஓடிருச்சு, டயரை மாத்திப் போட்டுட்டு வந்துடறேன்" என்று காரைக்குடிக்குள் ஒரு கடைக்குப் போனான். நாலு டயரும் ஒரே மாதிரி தேய இடம் மாற்றிப் போடுவதுதான் டயர் ரொட்டேஷன். கடைப் பையன் "அண்ணே, நாலையும் கிராஸ் போட்டுடவா?" என்று, அதாவது முன்னதைக் குறுக்காகப் பின்னுக்கும் பின்னதைக் குறுக்காக முன்னுக்கும் மாற்றவா என்று கேட்டிருக்கிறான், இவனும் போனைப் பார்த்துக்கொண்டே "சரி, போடு" என்றிருக்கிறான். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது முன்சக்கரத்திலிருந்து சர்ர்ரென்று ஓர் உரசல். குனிந்து பார்த்தால் முன்னால் 255, பின்னால் 225. கம்பெனி கொடுத்தது நேர் எதிர்: முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. பந்திக்கு உட்கார வேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் ஷெட்டில் போல்ட் கழற்றிக்கொண்டிருந்தோம்.

தப்பைப் பையன் மேல் மட்டும் போட முடியாது. அவன் தினமும் பார்க்கும் வண்டிகளில் நாலு டயரும் ஒரே அளவு, கிராஸ் போட்டால் முடிந்தது. வேகத்துக்கென்று செய்த காரில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது, சொந்தக்காரனுக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். என் வண்டி ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி, 150 பி.எஸ். சக்தி, 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, நாலு டயரும் 205/55 ஆர்16. மச்சான் இதையெல்லாம் வேகமான வண்டி என்றே ஒத்துக்கொள்ள மாட்டான், ஆனால் அந்த 250-ம் முன்சக்கரம் இரண்டின் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. இழுப்பதும் திரும்புவதும் பிரேக் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பதும் அதே இரண்டு டயர். பின்னால் இருப்பவை ஏறக்குறைய உருண்டு வருவதோடு சரி. எட்டாயிரம் கிலோமீட்டரில் முன் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் மேடு, எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படியுங்கள்

அளவு நாலிலும் ஒன்றா? 205/55 ஆர்16 91வி என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம், ஒரு டயர் 615 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். நாலும் ஒன்று என்றால் பாதி வேலை சுலபம். முன்பின் அகலம் வேறு என்றால் முன்னதைப் பின்னால் கொண்டுபோகும் பேச்சே கிடையாது, இடது வலது மட்டும்தான் மாற்றலாம். டயர் ஒரே அளவாக இருந்தாலும் ரிம்மைப் பாருங்கள். சில கார்களில் முன் ரிம்மும் பின் ரிம்மும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், உள்ளே பொறித்திருக்கும் 'இ.டி.' எண் வேறாக இருக்கும். அந்த எண் மாறினால் சக்கரம் உள்ளே தள்ளியோ வெளியே நீட்டிக்கொண்டோ நிற்கும், பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கும் வண்டியில் ரிம் இடிக்கவும் இடிக்கும்.

அடுத்து, அம்புக்குறி இருக்கிறதா? 'ரொட்டேஷன்' என்று எழுதி அம்பு போட்டிருந்தால் அந்த டயர் ஒரு பக்கமாகத்தான் உருள வேண்டும். பட்டன் நடுவிலிருந்து ஓரத்துக்கு 'வி' வடிவில் ஓடும், மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கான அமைப்பு அது. தலைகீழாக ஓட்டினால் தண்ணீரை ஒழுங்காக வெளியேற்றாது. இந்த ஜாதி டயரை அதே பக்கத்தில் முன்பின் மட்டும் மாற்றுங்கள். 'அவுட்சைட்', 'இன்சைட்' என்று மட்டும் எழுதியிருந்தால் பயமே வேண்டாம், எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் வெளிப்பக்கம் வெளியேதான் இருக்கும்.

முன்பின் அளவும் வேறு, அம்பும் உண்டு என்றால்? ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மறுபக்க ரிம்மில் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து மாட்டினால்தான் உண்டு. அதற்கு ஆகும் காசும், தாழ்ந்த பக்கவாட்டு டயரைக் கழற்றும்போது அலாய் விளிம்பில் விழும் கீறலும் சேர்ந்து எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் படுகிறது. தேய்ந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி கை வைத்துத் தடவுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து வைத்துவிட்டு, முன் டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழவென்றும் திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தும் இழுத்தால் வீல் அலைன்மென்டில் 'டோ' கோணம், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், சரியில்லை. உள்விளிம்பு மட்டும் மொட்டையாகி வெளிப்பக்கம் புதுசாக இருந்தால் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணம்), டோ இரண்டையும் சந்தேகப்படுங்கள். வேகமான கார்களில் திருப்பத்தில் பிடிமானம் கிடைக்கட்டும் என்று சக்கரத்தின் மேல்பகுதியைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தே கொடுப்பார்கள், அதனால் உள்விளிம்பு சற்றுக் கூடுதலாகத் தேய்வது சகஜம். ஆனால் நின்று பார்த்தால் வெளிவிளிம்புதான் தெரியும், உள்ளே நூல் தெரிகிற வரை பலருக்குத் தெரியாமலே போகிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று கம்மி, நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

இதில் எதைக் கண்டாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் டயரை மாற்றுங்கள். கோணல் இருக்கும்போதே மாற்றிப் போட்டால், இரண்டு டயரோடு போக வேண்டிய கேடு நாலுக்கும் பரவும்.

நம் பக்கத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது: சீமைக்கருவேல முள். காரைக்குடியைத் தாண்டி எந்தக் கிளை ரோட்டில் செம்மண் ஓரத்தில் இறங்கி எதிர்வண்டிக்கு வழிவிட்டாலும் டயர் அதன் மேல்தான் ஏறும். முள் ஏறி மேலே ஒடிந்துபோய் பட்டனோடு பட்டனாகக் கறுப்பாக நிற்கும், பார்த்தால் ஏதோ சின்னக் கல் மாதிரி இருக்கும். என் இடது பின் டயரில் வாரத்துக்கு மூன்று பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டே இருந்தது, வால்வு என்று நினைத்து வால்வையும் மாற்றியாயிற்று. கடைசியில் டயரைக் கழற்றி வெயிலில் சாய்த்து வைத்து சோப்புத் தண்ணீரைத் தெளித்தபோது, கடுகு அளவு நுரை ஓர் இடத்தில் ஊதி ஊதி உடைந்தது. அந்த இடத்தில் அரை அங்குல முள். சக்கரம் கையில் இருக்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள், ஆனால் பஞ்சர் போட ஆள் இல்லாத இடத்தில் முள்ளைப் பிடுங்காதீர்கள்.

மாற்ற வேண்டுமா, வேண்டாமா

பட்டன் பள்ளத்தின் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும், 1.6-க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

முன்பின் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் முன்னால் 3, பின்னால் 6 என்கிற அளவுக்கு விட்டுவிட்டீர்கள் என்றால் நான் மாற்ற மாட்டேன். மாற்றினால் அந்த மூன்று மில்லிமீட்டர் டயர் பின்னால் போய் உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமயம் ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது பின் டயர் தண்ணீர் மேல் மிதந்தால் வண்டியின் வால் சுற்றிக்கொண்டு வரும். முன் டயர் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின் டயர் வழுக்கினால் நம்மைப் போன்றவர்கள் சமாளிப்பது கஷ்டம். புது டயர் இரண்டுதான் வாங்குகிறோம் என்றால் அதைப் பின்னால் போடச் சொல்வதும் இதனால்தான். ஆகவே முன்னதை ஓட்டித் தீர்த்துவிட்டு, இரண்டு புதுசு வாங்கிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவாருங்கள். இந்த நிலைக்கே போகாமல் இருக்க எட்டாயிரத்துக்கு ஒரு தடவை, காலை அழுத்தி ஓட்டுபவர் என்றால் ஐந்தாயிரத்துக்கு ஒரு தடவை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது, சுற்றளவு வித்தியாசம் கூடினால் நடுவில் இருக்கும் கியர் அமைப்புதான் சூடாகிச் சாகும்.

எது எங்கே போக வேண்டும் என்பது ரொம்பச் சின்ன விஷயம். முன்சக்கரம் இழுக்கும் வண்டி: முன்னது இரண்டும் நேராகப் பின்னால், பின்னது இரண்டும் குறுக்காக முன்னால். பின்சக்கரம் இழுப்பது, நாலும் இழுப்பது: பின்னது நேராக முன்னால், முன்னது குறுக்காகப் பின்னால். நாலும் ஒரே அளவு, அம்பு இல்லை என்றால்தான் இது.

வேலைக்கு இறங்கும்போது

விடிகாலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் போல்ட்டைக் கையால் தொட முடியாது என்பது ஒரு பக்கம், டயர் ஆறியிருந்தால்தான் காற்றின் அளவும் சரியாகத் தெரியும் என்பது இன்னொரு பக்கம்.

இடம் சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். செம்மண் தரையில் ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும், வண்டி உயரத்தில் இருக்கும்போது புதைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வீட்டு ஷெட் என்றால் கீழே ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை டன் வண்டியின் ஒரு மூலைப் பாரம் முழுவதும் ஜாக்கியின் சின்னச் சக்கரத்தில் இறங்கினால் பூப்போட்ட கல் பொட்டென்று பிளக்கும். எங்கள் வீட்டில் பிளந்தது, அப்பத்தா இன்றைக்கும் யார் வந்தாலும் அதைக் காட்டுகிறார். இப்போது முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பர்மாத் தேக்குத் துண்டை அடியில் கொடுக்கிறேன், என்ன பாரத்துக்கும் அசையவில்லை.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தூக்காத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் பிடிக்கிற சக்கரமே அந்தரத்தில் போய்விடும், அப்போது கட்டை மட்டும்தான் துணை. டயரில் சாக்பீஸால் 'இ.மு' (இடது முன்), 'வ.பி' (வலது பின்) என்று எழுதிவிடுங்கள். நாலையும் கழற்றிச் சுவரில் சாத்திய பிறகு எது எதுவென்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நானும் ஒருமுறை நினைத்தேன்.

வண்டி தரையில் இருக்கும்போதே போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள், அப்புறம் தூக்குங்கள். தூக்கும் இடம் சைடு சில்லுக்கு (கதவுகளுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பு) அடியில் குறிக்கப்பட்டிருக்கும், அங்கே மட்டும்தான் ஜாக்கி. விளிம்பு மடங்காமல் இருக்க நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை போட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்த வண்டியாக இருந்து ஜாக்கி உள்ளே போகவில்லை என்றால் முதலில் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றிவிடுங்கள். எதைச் செய்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ காலையோ விடாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள், கழற்றிய சக்கரத்தைச் சில்லுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ஒரே ஒரு ஜாக்கி இருந்தாலும் ஸ்டெப்னியை வைத்து நாலையும் மாற்றிவிடலாம். முன்சக்கர இழுவை வண்டிக்கு நான் செய்வது இப்படி. இடது முன்னைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுகிறேன். கையில் இருக்கும் அந்தச் சக்கரத்தோடு இடது பின்னுக்குப் போய், அங்கிருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுகிறேன். இடது பின்னில் கழற்றியதை வலது முன்னில், வலது முன்னில் கழற்றியதை வலது பின்னில். கடைசியாக வலது பின்னில் கழற்றியதை எடுத்துக்கொண்டு மறுபடி இடது முன்னுக்கு வந்து ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு மாட்டினால் தீர்ந்தது. ஐந்து தடவை தூக்க வேண்டும். ஸ்டெப்னி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டியை நகர்த்தப் போவதில்லையே. முன் காலிப்பரில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ஒரு போல்ட்டை இரண்டு சுற்று விட்டு வைத்துக்கொண்டு டயரைக் குதிகாலால் உதையுங்கள். வந்ததும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே சின்னத் துருத் துகள் நின்றால்கூட ரிம் கோணலாக உட்காரும், வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். போல்ட் மரையில் எண்ணெயோ கிரீஸோ வைக்காதீர்கள். வழுவழுப்பில் அதே முறுக்குக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும், நீங்கள் 120 நியூட்டன் மீட்டர் என்று நினைத்து முறுக்கியது உண்மையில் அதைத் தாண்டியிருக்கும்.

ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் நட் கிடையாது, போல்ட்டையே ஹப்புக்குள் விட வேண்டும். ஒரு கையால் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் துளையைத் தேடுவது பெரிய அவஸ்தை. நீளமான வழிகாட்டிக் கம்பி ஒன்றை மேல் துளையில் திருகிவிட்டு அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் வேலை பாதி. முதல் சில சுற்று கண்டிப்பாக விரலால்தான். ஏர் கன் கொண்டு நேராக ஆரம்பித்த ஒரு கடையில் எனக்கு மரை போயிற்று, ஹப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

விரலால் முறுக்கி, ஸ்பேனரால் லேசாக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் (வைத்த அளவு முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) நட்சத்திர வரிசையில், அதாவது பக்கத்துப் போல்ட்டுக்குப் போகாமல் ஒன்றைத் தாண்டி எதிர்ப்பக்கம் எதிர்ப்பக்கமாக முடிக்க வேண்டும். என் விர்ட்டஸுக்கு 120 நியூட்டன் மீட்டர், மச்சான் வண்டிக்கு 140. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். 'டிக்' என்றதும் நிறுத்துங்கள், சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அழுத்துவது எல்லாருக்கும் இருக்கும் வியாதி. டார்க் ரெஞ்ச்சை வைத்துப் போல்ட்டைக் கழற்றவும் கூடாது.

மாட்டி முடித்த பிறகு

காற்றை மாற்றி வைக்க மறந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு. பின்னால் இருந்த சக்கரம் இப்போது முன்னால் வந்திருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது பழைய காற்று. கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, ஆறிய டயரில் வையுங்கள். சூடு 10 டிகிரி ஏறினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். வெயில் பட்ட பக்க டயர் கூடவும் நிழல் பக்கம் குறையவும் காட்டும், அதை நம்பிக் காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் கம்மியாக நிற்கும்.

காற்று எச்சரிக்கை அமைப்பில் இரண்டு வகை. ஏ.பி.எஸ். சென்சாரை வைத்துச் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கணக்குப் பார்ப்பது ஒன்று, அதற்குத் திரையில் ரீசெட் கொடுத்தால் போதும். வால்விலேயே சென்சார் இருப்பது இன்னொன்று, சில வண்டிகள் இடத்தைத் தானே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காவிட்டால் வலது பின்னில் காற்று இறங்கும்போது திரை இடது முன்னைக் காட்டும்.

முதல் நாள் ஓட்டும்போது புதுசாக ஒரு 'உய்ங்' சத்தம் முன்னாலிருந்து வரலாம். பேரிங் போயிற்று என்று பதறி ஓடாதீர்கள், பின்னால் ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர் இப்போது காதுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, சில நூறு கிலோமீட்டரில் பெரும்பாலும் அடங்கும். மணிக்கு 90-லிருந்து 110 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஸ்டியரிங் நடுங்கினால் அது வேறு, பின்னால் இருந்தபோது தெரியாத பேலன்ஸ் குறை இப்போது கைக்குத் தெரிகிறது, பேலன்ஸ் பாருங்கள்.

ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டை இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச்சால் பார்க்க வேண்டும். இங்கிருந்து திருச்சி ஏறக்குறைய 90 கிலோமீட்டர், எனக்கு அது வசதி. போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, சக்கரம் ஆறிய பிறகு டிக்கியிலிருந்து ரெஞ்ச்சை எடுக்கிறேன். போன முறை இருபது போல்ட்டில் ஒன்று 'டிக்' என்பதற்கு முன் கால் சுற்று நகர்ந்தது, இடது முன், ஸ்டெப்னியோடு அல்லாடிக் களைத்துப்போய் கடைசியில் முறுக்கியது.